பூங்காவின் கிழக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்: கவுன்சிலின் பொதுப்பாதைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பொதுப்பாதைப் பிரிவு அதிகாரிகளுக்கும், நில உரிமையாளரின் பாதை மாற்ற விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கப் போகும் குழு உறுப்பினர்களுக்கும்,

லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளில் இருக்கும் மாளிகைப் பூங்காவின் குறுக்கே போகும் பொதுப்பாதையை அங்கிருந்து எடுத்து, மதிலுக்கு வெளியே கார்கள் ஓடும் ரோட்டோரமாகத் திருப்பிவிடலாமா என்று அடுத்த மாதம் உங்கள் குழு முடிவு செய்யப் போகிறது. அந்த அறிவிப்பை மூன்று வாரங்களுக்கு முன் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு வேலிக் கம்பத்தில் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்து பாதி எழுத்துகள் கரைந்திருந்தன. மிச்சத்தை வாசித்ததே போதுமாக இருந்தது. பாதையைத் திருப்பக் கூடாது என்பதுதான் என் நிலை. அதோடு, இரண்டு வருடங்களாக அந்தப் பாதையை நீங்கள் கைவிட்டிருப்பதற்கும் எனக்குப் பதில் வேண்டும்.

ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்கு ஒரு புகார் எண் வந்தது. இரண்டாவதற்கு, பயன்பாடு குறைந்த பாதை, முன்னுரிமை வரிசையில் கீழே இருக்கிறது என்று இரண்டு வரி வந்தது. மூன்றாவதற்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆகவே நான்காவதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்கள் கைக்கும் வரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், என்னோடு அந்தப் பாதையில் நடக்கிற ஒவ்வொருவரும் இதை வாசித்துவிட்டுத் தங்கள் பெயரில் உங்களுக்கு எழுத வேண்டும் என்பதுதான்.

'பயன்பாடு குறைந்த' என்றீர்கள். பயன்படுத்துகிறவர்கள் யார் என்று சொல்கிறேன். 2014ஆம் ஆண்டு, மருந்து மட்டும் போதாது, நடக்கவும் வேண்டும் என்று டாக்டர் சொன்ன நான்கு சர்க்கரை நோயாளிகள் லண்டனின் ஹாரோவில் தொடங்கிய ஞாயிறு நடை எங்களுடையது. முதல் ஒரு வருடம் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவையே சுற்றிச் சுற்றி வந்தோம். இப்போது இருபது, இருபத்தைந்து பேர். பெரும்பாலானவர்கள் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். பாதிப்பேரிடம் கார் இல்லை. ரயில் ஏறி சில்டர்ன் குன்றுகளுக்கு வருகிறோம். ஆஷ்ரிட்ஜின் பீச் மரக் காடு, ஐவிங்ஹோ பீக்கன் உச்சி, செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு, தங்கப் பந்து வைத்த கோபுரம் நிற்கும் வெஸ்ட் விக்கம் குன்று எல்லாம் இன்று எங்களுக்குச் சொந்த ஊர் ஒழுங்கைகள் மாதிரி பழகிவிட்டன. பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீரும், வாழையிலையில் சுற்றிய புட்டும் சம்பலுமாக வரும் கூட்டத்தை அந்தப் பக்கத்து மனிதர்களில் பலர் நன்றாக அறிவார்கள்.

எங்களை அங்கே கொண்டு வந்தது ஒரு வரைபடம். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட 1:25,000 வரைபடத்தை எங்களில் ஒருவர் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். அதில் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே, சில இடங்களில் வீட்டு முற்றங்கள் ஊடாகக்கூட, பச்சை நிறத்தில் துண்டு துண்டான கோடுகள் ஓடின. தனியார் நிலத்துக்குள் எப்படிப் போவது என்று எல்லோரும் தயங்கினோம். அப்புறம்தான் விளங்கியது. நிலம் அவர்களுடையது, அந்தக் கோட்டின் மேல் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உரியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாதைகளைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வ வரைபடத்தில் பதியச் சொன்னது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 140,000 மைல் அப்படி இருக்கிறது. ஒருமுறை பொதுவழி ஆனது என்றைக்கும் பொதுவழி என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பழைய விதி. இந்த நாட்டில் ஒரு முழம் நிலமும் இல்லாத எனக்கு, அந்த விதியை அறிந்த நாள் மறக்க முடியாத நாள்.

இனி அந்தப் பாதைக்கு வருகிறேன். அலுவலகத்தில் இருந்து முடிவு செய்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிய வேண்டும்.

தேவாலயத்தின் பின்பக்கம் ஒரு சிறு சுழல் கதவு. அதைத் தாண்டினால் லைம் என்று இங்கே சொல்லும் லிண்டன் மரங்கள் (எலுமிச்சை அல்ல) இரண்டு வரிசையாக நிற்கும் மேடு. மேட்டின் முதுகுக்கு வந்ததும் முன்னால் நிலம் சட்டென்று சரிந்து விரிகிறது. கீழே வளைந்து கிடக்கும் ஏரி, அதற்கு அப்பால் மறுபடி எழும் குன்று, குன்றின் தலையில் கொத்தாகப் பத்துப் பதினைந்து பீச் மரங்கள். இடது கைப்பக்கம் தூரத்தில் மாளிகை. பூங்கா என்றதும் நம்மவர்களுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்று அழைக்கப்பட்ட லான்சலட் பிரவுனும் அவர் வழியில் வந்தவர்களும், பிரபுக்களின் நிலத்தில் நேர்க்கோட்டு வேலிகளைப் பிடுங்கி, ஓடைகளை அணைகட்டி ஏரியாக்கி, மரங்களைக் கொத்துக் கொத்தாக நட்டு உண்டாக்கிய நிலக்காட்சி. நடந்து போகிறவரின் கண்ணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்படி அமைத்தது. காரில் போகிறவர் அதைப் பார்க்க முடியாது. மதிலுக்கு வெளியே நடக்கிறவரும் பார்க்க முடியாது.

அந்தப் பூங்காக்களை உண்டாக்கியபோது ஊர்களையே பெயர்த்த பிரபுக்கள் இருந்தார்கள். டார்செட்டில் மில்டன் ஆபஸ் என்ற ஊர் அப்படிப் பெயர்ந்ததுதான். 1604க்கும் 1914க்கும் இடையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள், இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பொதுப் புழக்கத்திலிருந்து எடுத்து வேலிக்குள் வைத்தன. 1815இல், இரண்டு நீதவான்கள் சேர்ந்து தேவையற்றது என்று சொன்னாலே ஒரு பாதையை மூடிவிடலாம் என்று சட்டம் வந்தது. பெரும்பாலும் அந்த நீதவான்களும் நிலப்பிரபுக்கள்தான். அந்தக் காலம் முழுவதையும் தாண்டி வந்த பாதை இது. நீங்கள் மூடப் பார்க்கிறீர்கள்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. சென்ற பெப்ரவரியில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1910ஆம் ஆண்டு நிலவரிக்காக நாடு முழுவதும் நிலங்களை மதிப்பிட்டார்கள். ஒருவருடைய நிலத்தின் குறுக்கே பொதுப்பாதை போனால், அதைச் சொல்லி மதிப்பைக் குறைத்துக் கொள்ளலாம். அந்த மதிப்பீட்டை எழுதிவைத்த களப் புத்தகத்தில் இந்தப் பூங்காவுக்கான பக்கத்தைக் கண்டுபிடித்தேன். பொதுவழி உரிமை என்ற தலைப்புக்கு எதிரே ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கிறது. அன்றைய உரிமையாளர் தம் நிலத்தின் குறுக்கே மக்கள் நடக்கும் பாதை உண்டு என்று தாமே ஒப்புக்கொண்டு வரியில் சலுகை பெற்றிருக்கிறார். அந்தப் பக்கத்தின் படத்தை என் மூன்றாவது கடிதத்தோடு இணைத்திருந்தேன். யாராவது திறந்து பார்த்தீர்களா?

சரி, இந்த இரண்டு வருடங்களில் நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மேற்குப் பக்கத்து வேலியைத் தாண்டும் மரப்படி உடைந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கடப்பு என்று சொல்வோமே, அது மாதிரி. கீழ்ப்பலகை இற்றுப்போய் ஒரு பக்கம் தொங்கியது. எங்கள் குழுவில் எழுபத்திரண்டு வயது அக்கா ஒருவருக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்திருக்கிறது. இரண்டு பேர் கீழே நின்று தாங்க, ஒருவர் மேலிருந்து கைகொடுக்க, அவரை இறக்கினோம். மரப்படியைப் பழுதுபார்ப்பது நில உரிமையாளரின் பொறுப்பு, செலவில் குறைந்தது கால்பங்கு உங்களுடையது. முதல் கடிதம் இது பற்றியதுதான். மரப்படி இன்றும் அப்படியே கிடக்கிறது.

அடுத்த வசந்தத்தில் ஏரிக்கு அப்பால் குன்றின் மேல் இருக்கும் வயலில் பாதையோடு சேர்த்து உழுது கடுகுப்பயிர் போட்டார்கள். வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதால் பதினான்கு நாட்களுக்குள் திரும்பவும் நடக்கக்கூடியதாக்க வேண்டும், பயிர் நடுவே குறைந்தது ஒரு மீற்றர் அகலம் விட வேண்டும் என்பது சட்டம். மே மாதம் நாங்கள் போனபோது பயிர் நெஞ்சு உயரம். முதல் நாள் மழை. ஒருவர் பின் ஒருவராக மஞ்சள் பூவுக்குள் புகுந்து வெளியே வந்தபோது உள்ளாடைவரை நனைந்திருந்தது. பயிரை மிதிக்கிறோமே என்ற குற்ற உணர்வும் எங்களுக்குத்தான். தோட்டமும் வயலும் செய்து வளர்ந்தவர்கள் நாங்கள். விளைந்து நிற்பதை மிதிக்க எங்களுக்கு மனம் வராது. அந்த நிலைமைக்கு எங்களைத் தள்ளியவர்கள் உழுதவரும், கேட்காமல் விட்ட நீங்களும்.

அப்புறம் அக்டோபர் மாதம் கிழக்குக் கதவில் பூட்டு வந்தது. இரும்புச் சங்கிலி, புதுப் பூட்டு. கதவின் இரு பக்கமும் முள்கம்பி. பொதுப்பாதையைக் காட்டும் மஞ்சள் அம்பு அடையாளம் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும். மேலே, தனியார் நிலம், பொதுவழி இல்லை என்று பலகை.

அங்கே நின்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, இது பொதுப்பாதை என்றேன். வரைபடத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். எங்கே இருந்து வருகிறீர்கள் என்றார். ஹாரோ என்றேன். இல்லை, உண்மையில் எங்கே இருந்து என்றார். முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் வேலை செய்து வரி கட்டிய பெண் நான். பின்னால் இருபது பேர் சாப்பாட்டுப் பொதியோடு நின்றார்கள். அவர்களில் சிலர் அடுத்த ஞாயிறு வரவில்லை. இரண்டு பேர் இன்றுவரை வரவில்லை. பயன்பாடு குறைந்தது என்று நீங்கள் எழுதியது இதற்குப் பிந்திய மாதத்தில். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று ஆட்களை எண்ணினால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

பூட்டும் முள்கம்பியும் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்கிறேன். எங்கள் ஊரில் வேலி அடைக்கும் காலத்தில் கதியால்களை ஒரு சாண் பக்கத்துக் காணிக்குள் தள்ளி நடுகிறவர்கள் உண்டு. அதனால் தலைமுறை தலைமுறையாகப் பேச்சில்லாமல் போன குடும்பங்கள் உண்டு. ஆனால் அப்படிச் சண்டை பிடித்தவர்கள்கூட, கோயிலுக்கும் கிணற்றுக்கும் போகும் ஒழுங்கையை மறிக்கத் துணிய மாட்டார்கள். ஒழுங்கை ஊருக்கு உரியது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் வெளியேறினோம். அதன்பின் எங்கள் ஒழுங்கைக்குக் குறுக்கே இராணுவத்தின் முள்கம்பி வந்தது. உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள். அந்தக் கம்பிக்கு இப்பால் நின்று எங்கள் வீட்டுப் பனைகளின் தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அம்மா, மறுபடி வீட்டைப் பார்க்காமலே போய்விட்டார். அந்தக் கொடுமையும் இந்தப் பூட்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி எனக்கு வழி இருக்கும் ஒரு நாட்டில், அந்த வழிக்குக் குறுக்கே கம்பி கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு முன்னுரிமை குறைவு என்று யாராவது சொன்னால் அதை என்னால் ஏற்க முடியாது.

நில உரிமையாளர் பாதையை மாற்றக் கேட்பதற்குச் சொல்லும் காரணங்கள் இரண்டு: தனிமை, பாதுகாப்பு. இரண்டும் நியாயமான கவலைகள்தான், யார் வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் இந்தப் பாதை மாளிகைக்கு அருகில் போகவே இல்லை. நடுவில் ஹா-ஹா என்று இவர்கள் சொல்லும் அகழி இருக்கிறது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சரிவு, மாட்டாலும் தாண்ட முடியாது. வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையின்றி ஓடுவது மாதிரி தெரியும். பாதை அந்த அகழிக்கு வெளியே, முந்நூறு அடிக்கும் அப்பால். ஜன்னலில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாத தூரம்.

மாற்றுப்பாதை எப்படி என்று சென்ற மாதம் நாங்களே நடந்து பார்த்தோம். இப்போதைய பாதை ஒன்றேகால் மைல். அறிவிப்பில் சொல்லும் வழி இரண்டே முக்கால் மைல். அதில் முக்கால் மைல் கிராமத்து ரோடு. மணிக்கு 60 மைல் வேகம் அனுமதித்த ரோடு. ஒரு பக்கம் பூங்கா மதில், மறுபக்கம் முள்செடி வேலி, ஒதுங்கி நிற்க ஓர் அடி புல்தரைகூட இல்லை. பதினேழு பேர் பளிச்சென்ற மஞ்சள் சட்டை போட்டு, வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் நடந்தோம். வளைவில் ஒரு லொறி வந்தபோது முழங்கால் அக்கா வேலியோடு ஒட்டிக்கொண்டார். கையிலும் கன்னத்திலும் முள் கீறிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது மட்டும், இனி இந்தப் பக்கம் வேண்டாம் பிள்ளை என்றார்.

1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, புதுப்பாதை பொதுமக்களுக்குக் கணிசமான அளவில் வசதி குறைந்ததாக இருக்கக் கூடாது என்கிறது. மாற்றத்தால் அந்தப் பாதையை மக்கள் அனுபவிப்பது எப்படிப் பாதிக்கப்படும் என்பதையும் பார்க்கச் சொல்கிறது. இரண்டு மடங்கு தூரமும், ஏரிக்குப் பதிலாக மதிலும், புல்லுக்குப் பதிலாகத் தாரும் அந்தச் சோதனையில் எப்படித் தேறும்? அதே சட்டத்தின் 130ஆம் பிரிவு, பொதுவழியில் மக்களுக்குள்ள உரிமையை நிலைநாட்டிக் காப்பது உங்கள் கடமை என்கிறது. பணம் இருந்தால், ஆள் இருந்தால் என்ற நிபந்தனை எதையும் நான் அதில் காணவில்லை.

உங்களிடம் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு கவுண்டி முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள், ஆயிரக்கணக்கான புகார்கள். பூங்காவைப் பராமரிப்பதும் எளிதல்ல. பழைய மரங்கள், ஏரிக்கரை, மதில் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. சென்ற வருடம் எங்களில் ஒருவருக்குத் தலைசுற்றியபோது அந்த எஸ்டேட்டில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தம் வண்டியில் ஏற்றி நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் ஒரு பூட்டைத் திறக்கப் பணம் தேவையில்லை. ஒரு கடிதம் போதும்.

இந்தக் குன்றுகளில் இப்படி ஒரு வழக்கு முன்பும் நடந்திருக்கிறது. பெர்காம்ஸ்டெட் பொதுநிலத்தில் நானூறு ஏக்கருக்கும் மேலாக ஆஷ்ரிட்ஜ் எஸ்டேட்டின் பிரவுன்லோ பிரபு இரும்பு வேலி போட்டார். 1866 மார்ச் மாதம் ஓர் இரவு, அகஸ்டஸ் ஸ்மித் என்பவரின் ஏற்பாட்டில் லண்டன் யூஸ்டனிலிருந்து தனி ரயிலில் டிரிங் வந்து இறங்கிய கூலியாட்கள், விடிவதற்குள் ஏறக்குறைய இரண்டு மைல் வேலியைப் பிரித்து அடுக்கி வைத்தார்கள். வழக்கு 1870வரை நடந்தது. தீர்ப்பு ஸ்மித் பக்கம். இன்று நாங்கள் அந்தப் பொதுநிலத்தில் நடப்பது அந்த இரவால். நாங்கள் வேலி பிரிக்க வரப்போவதில்லை. அந்த வேலையைச் செய்யும் அதிகாரத்தைச் சட்டம் இப்போது உங்களிடம் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை. கிழக்குக் கதவின் பூட்டையும் முள்கம்பியையும் உடனே அகற்றும்படி நில உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, அந்த அறிவிப்பின் பிரதியை எனக்கு அனுப்புங்கள். பொதுவழி இல்லை என்ற பொய்ப் பலகையை எடுத்துவிட்டு மஞ்சள் அம்பைத் திரும்பவும் பொருத்துங்கள். பூட்டுப் பற்றி அதே நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஏ பிரிவின்படி முறையான நோட்டீசையும் இந்த மடலோடு அனுப்புகிறேன். என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு மாதத்துக்குள் நீங்கள் எனக்கு அறிவிக்க வேண்டும். இரண்டு மாதங்கள் கடந்தும் பூட்டு அகலாவிட்டால், 130பி பிரிவு அனுமதிக்கும்படி நீதவான் நீதிமன்றத்துக்குப் போவேன்.

மேற்குப் பக்கத்து மரப்படிக்குப் பதிலாக ஒரு கதவு போடச் சொல்லுங்கள். முழங்கால் இயலாதவர்களும் சிறுபிள்ளைகளோடு வருகிறவர்களும் கதவு வழியாகத்தான் போக முடியும். கதவுக்கான செலவில் உங்கள் பங்கை எங்கள் குழு சேர்த்துத் தரத் தயார். புல் வெட்டவும் புதர் அகற்றவும் ஆட்கள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவோம், கத்தியும் கையுறையும் நாங்களே கொண்டு வருவோம். குன்றின் மேல் வயலில் இந்த வசந்தத்தில் பாதை ஒரு மீற்றர் அகலத்துக்குத் திறந்திருக்க வேண்டும் என்று பயிர் வளர்வதற்கு முன்பே, இப்போதே, பயிரிடுகிறவருக்குச் சொல்லுங்கள்.

குழு உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பாதை மாற்ற விண்ணப்பத்தை நிராகரியுங்கள். உத்தரவு போட்டால் நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆட்சேபணை எழுதுவோம். அது அமைச்சரின் ஆய்வாளர்வரை போகும், ஆவணக் காப்பகத்தில் எடுத்த அந்தப் பக்கமும் கூடவே போகும். முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வழிகளையும் நீங்களே நடந்து பாருங்கள். வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு நாங்கள் தேவாலயத்தின் பின்பக்கத்துச் சுழல் கதவில் நிற்போம். முதலில் பூங்கா வழியாகக் கிழக்குக் கதவுவரை, பிறகு மதிலோரம் ரோட்டு வழியாக. ரோட்டில் நடக்க மஞ்சள் சட்டை கட்டாயம் வேண்டும். உங்களுக்கும் சேர்த்துக் கொண்டு வருகிறோம், எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள்.

ஹாரோவிலிருந்து,
ஞாயிறு நடைக்குழுவில் ஒருத்தி